ஐந்தாவது அமர்வில் கிடைத்த தகைவு வரைபடம்

போன வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குத்தான் அந்தப் படம் திரையில் விரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு சதுரக் குழி, சிலிக்கான் துண்டில் வைர முனையால் குத்தியது. அதற்கு இடமும் வலமும் நீலம், மேலேயும் கீழேயும் சிவப்பு. நீலம் என்றால் அங்கே படிகம் நெருக்கப்பட்டிருக்கிறது, சிவப்பு என்றால் இழுக்கப்பட்டிருக்கிறது. குழியின் மூலைக்கு மூலை அளவு 9.6 மைக்ரான். தலைமுடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு வாக்கில். அதைச் சுற்றி உறைந்து கிடக்கும் தகைவை (பொருளுக்குள் தங்கிவிட்ட நெருக்கத்தையும் இழுப்பையும்) எலக்ட்ரான் கற்றையால் அளக்க எனக்கு மூன்று மாதமும் ஐந்து அமர்வும் 19 மணி நேர மைக்ரோஸ்கோப் நேரமும் ஆயின. அதில் நான்கு அமர்வுகள் பாழ். ஏன் பாழானது என்பதுதான் இங்கே அதிகம் இருக்கும்.

என் ஆய்வு எஃகில்தான். சிலிக்கானில் தொடங்கச் சொன்னது என் ஆய்வு வழிகாட்டி மேடம். "விடை தெரிஞ்ச கணக்கை முதல்ல போடு, அப்புறம் தெரியாததுக்குப் போகலாம்" என்றார். ஒற்றைப் படிகம், பாலிஷ் செய்யத் தேவையில்லாத கண்ணாடிப் பரப்பு, வைர முனையால் குத்தினால் சுற்றிலும் தகைவு தங்கிவிடும். பழகிக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடையாது.

முறை இதுதான். ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் மாதிரியை 70 டிகிரி சாய்த்து வைத்து, 20 கிலோவோல்ட் கற்றையை ஒரே புள்ளியில் நிறுத்தினால், படிகத் தளங்களில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்கள் எதிரே உள்ள, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் திரையில் பட்டை பட்டையாக ஒரு கோலம் போடும். 1928இல் நிஷிகாவாவும் கிகுச்சியும் ஜப்பானில் பார்த்த அதே கோலம்தான். படிகம் கொஞ்சம் நீண்டாலோ திரும்பினாலோ பட்டைகள் கொஞ்சம் நகரும். தகைவில்லாத இடத்தில் எடுத்த கோலத்தோடு ஒவ்வொரு புள்ளியின் கோலத்தையும் ஒப்பிட்டு, எந்தப் பகுதி எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும். அதிலிருந்து திரிபு (படிகம் எத்தனை பங்கு நீண்டது, சுருங்கியது என்ற விகிதம்), திரிபிலிருந்து தகைவு. வில்கின்சன், மீடன், டிங்லி மூவரும் 2006இல் எழுதிய வழியைத்தான் இப்போது பெரும்பாலும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள்.

எவ்வளவு நகரும்? எங்கள் கேமராவின் படம் 1344 × 1024 பிக்சல். மாதிரியிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் பிக்சலில் சொன்னால் 870. பத்தாயிரத்தில் ஒரு பங்கு திரிபு வந்தால் பட்டை 0.09 பிக்சல் நகரும். பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! சிலிக்கானில் அந்தத் திரிபுக்கு, எந்தத் திசை என்பதைப் பொறுத்து, 13 முதல் 19 மெகாபாஸ்கல் வரை தகைவு. ஆக, 0.09 பிக்சலை நம்பகமாகப் படிக்க முடிந்தால் வேலை முடிந்தது. முடியவில்லை என்றால் கலர் கலராகப் பொய்ப் படம் கிடைக்கும். எனக்கு இரண்டுமே கிடைத்தன.

மாதிரித் தயாரிப்பில் சொல்ல அதிகமில்லை. பக்கத்து ஆய்வகத்தில் உடைந்துபோன சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) துண்டு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. வைரக் கீறியால் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் கோடு போட்டு, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நேராகப் பிளந்துவிடும். 8 மில்லிமீட்டர் சதுரம் வெட்டிக்கொண்டேன். வைர முனையால் குத்தும் விக்கர்ஸ் கருவியில் 25, 50, 100 கிராம் எடையில் மூன்று குத்து. 100 கிராமில் விளிம்பெல்லாம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது. 25 கிராமுக்குக் குழி 7 மைக்ரானுக்கும் கீழே, தேடிக் கண்டுபிடிப்பதே பாடு. 50 கிராம் குழி ஒழுங்காக இருந்தது. மூலைகளிலிருந்து மட்டும் மெல்லிய விரிசல்கள் வெளியே ஓடின. அதையே எடுத்துக்கொண்டேன்.

முதல் அமர்வு, மூன்று மணி நேரம். வழக்கம்போல மாதிரியைக் கார்பன் டேப்பில் ஒட்டினேன். சாதாரணப் படம் எடுக்க அது போதும். ஆனால் 70 டிகிரி சரிவில் மணிக்கணக்காக நிற்கும்போது டேப்பின் பசை மெல்ல இறங்குகிறது. ஸ்கேன் தொடங்கும் முன் ஒரு படமும் நிறுத்திய பின் ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டேன். 50 நிமிடத்தில் குழி 2.3 மைக்ரான் நகர்ந்திருந்தது. என் படியளவு, அதாவது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், 0.5 மைக்ரான். அதாவது நாலரைப் புள்ளி வழுக்கல். சதுரக் குழி வரைபடத்தில் சாய்சதுரமாக விழுந்திருந்தது. ஆபரேட்டர் அண்ணன் பார்த்துவிட்டு, "டேப்பை நம்பி எறும்பைக்கூட சாய்ச்சு வைக்கக் கூடாதும்மா" என்றார். இதை அவர் ஸ்கேனுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அடுத்த தடவை வெள்ளிப் பசை. மாதிரியின் அடியில் ஒரு பொட்டு, பக்கங்களில் இரண்டு பொட்டு. ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் உள்ளே வைத்தால் கரைப்பான் வெற்றிடத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மாதிரியும் நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே வைத்த பின்னும் ஸ்டேஜ் (மாதிரியைத் தாங்கும் மேடை) அடங்க ஒரு மணி நேரம் சும்மா விட்டேன். நகர்வு இரண்டு மணி நேரத்துக்கு 0.3 மைக்ரானாகக் குறைந்தது. இந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஆனால் அந்த இரண்டாவது அமர்வும் பாழ்தான். காரணத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மென்பொருளில் "கோலப் படங்களைச் சேமி" என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. சாதாரண ஈபிஎஸ்டி (இப்படிக் கோலம் எடுத்துப் படிகத்தைப் பார்க்கும் முறை) வேலையில் படத்தைச் சேமிக்கவே மாட்டார்கள். பட்டைகளைக் கண்டுபிடித்து, படிகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற மூன்று கோணங்களை மட்டும் எழுதிவிட்டுப் படத்தைத் தூக்கிப்போட்டுவிடும். அந்தக் கோணங்களின் துல்லியம் அரை டிகிரி வாக்கில். எனக்கு வேண்டியது அதைவிட நூறு மடங்கு நுட்பமானது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு என் கையில் இருந்தது ஒரே நிறத்தில் தட்டையாக ஒரு சதுரம். ஒற்றைப் படிகம் ஒற்றைப் படிகமாகத்தான் இருக்கிறது என்ற மகத்தான கண்டுபிடிப்பு.

மூன்றாவது அமர்வில் டிக் போட்டேன். வேகத்துக்காக 4 × 4 பின்னிங் வைத்தேன், அதாவது பதினாறு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்குவது. படம் 336 × 256 ஆனது. இடம் மிச்சம் பிடிக்க ஜேபெக் வடிவில் சேமித்தேன். இரண்டுமே தப்பு. பின்னிங்கால் 0.09 பிக்சல் 0.02 ஆகச் சுருங்கியது. ஜேபெக் படத்தை 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், அந்தக் கட்டங்களின் விளிம்பு எல்லாக் கோலத்திலும் ஒரே இடத்தில் நிற்கிறது. கோலம் நகர்ந்தாலும் அது நகராது. ஒப்பிடும் நிரல் அதைப் பிடித்துக்கொண்டு "ஒன்றும் நகரவில்லை" என்று சாதிக்கிறது. இரைச்சலைக் கணக்குப் போட்டால் பத்தாயிரத்தில் ஆறு பங்கு திரிபு, தகைவாகச் சொன்னால் 100 மெகாபாஸ்கலுக்குப் பக்கம். குழியை ஒட்டி ஏதோ நீலமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் தூறல்.

நான்காவது அமர்வில் எல்லாம் சரியாக வைத்தேன். முழு 1344 × 1024, சுருக்கம் இல்லாத டிஃப், 16 பிட். ஒரு புள்ளிக்கு 1.1 நொடி. 81 × 81 புள்ளிகள், 0.5 மைக்ரான் படி, ஆக 40 மைக்ரான் பக்கமுள்ள சதுரம். 6,561 கோலங்கள், இரண்டு மணி நேரம், 18 ஜிபி. ஆய்வகக் கணினியில் அவ்வளவு இடம் இல்லாததால் 4,500 ரூபாய்க்குத் தனி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஒவ்வொரு கோலத்திலும் 256 × 256 அளவில் 25 சன்னல்கள் வெட்டி ஒப்பிட்டது நிரல். ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போனேன்.

காலையில் அழகான படம். மேலிருந்து கீழே வரச் சீராக ஏறும் தகைவு, மொத்தம் 90 மெகாபாஸ்கல் வித்தியாசம், நடுவில் குழியைச் சுற்றி இதழ்கள். வேஃபரிலேயே ஏதோ வளைவு இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து மேடத்துக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: "குழியே இல்லாத இடத்துல எடுத்துப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. அன்று மாலையே அண்ணனிடம் கெஞ்சி, மிச்சமிருந்த அரை மணி நேரத்தில் குழியிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி, வெறும் பரப்பில் 41 × 41 புள்ளி எடுத்தேன், படி 1 மைக்ரான். அதே ஏற்றம், அதே 90. குத்தாத சிலிக்கானில் தகைவு எங்கிருந்து வரும்?

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் படித்த எந்தக் கையேட்டிலும் இது எண்ணோடு இல்லை. ஸ்கேன் செய்யும்போது நகர்வது கற்றை. மாதிரியும் திரையும் அப்படியே இருக்கின்றன. மாதிரி 70 டிகிரி சாய்ந்திருப்பதால், கற்றை பரப்பின் மேல் 40 மைக்ரான் கீழே இறங்கினால், அந்தப் புள்ளி திரையை நோக்கி 13.7 மைக்ரான் நெருங்கிவிடுகிறது. திரைக்குள்ள மொத்தத் தூரம் 23.4 மில்லிமீட்டர். புரொஜெக்டரைச் சுவரை நோக்கித் தள்ளினால் படம் சிறுக்குமே, அதுபோல மொத்தக் கோலமும் பத்தாயிரத்தில் ஆறு பங்கு சிறுக்கிறது. நிரலுக்கு இந்தக் கதை தெரியாது. படிகம் உருமாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பத்தாயிரத்தில் ஆறு பங்கு சிலிக்கானில் 80 முதல் 110 மெகாபாஸ்கல் வரை. என் 90 அதுதான். இது போக, கோலம் முழுவதும் கீழ்நோக்கி 1.4 பிக்சல் இடம்பெயர்கிறது. திரையில் ஒரு பிக்சல் என்பது 26.8 மைக்ரான், நான் தேடுவதோ 0.09 பிக்சல். இந்த இடப்பெயர்ச்சி பெரும்பாலும் படிகம் திரும்பியதுபோலக் காட்டும் என்பதால் தகைவுப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. சுழற்சிப் படத்தைப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். நான் சுழற்சிப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

சரி, நிரலில் இதற்குத் திருத்தம் இருக்கிறது. அதை ஆன் செய்தேன். ஏற்றம் 90லிருந்து 180 ஆனது.

ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் தாளில் மாதிரியையும் திரையையும் பக்கவாட்டுப் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் மைக்ரோஸ்கோப் வரிசைகளை மேலிருந்து கீழாக எண்ணுகிறது, நிரல் கீழிருந்து மேலாக எதிர்பார்க்கிறது. திருத்த வேண்டிய அளவைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறது. ஒரே ஒரு மைனஸ் குறி. அதை மாற்றியதும் வெறும் பரப்பின் படம் தட்டையானது. மிச்சமிருந்த சிதறல் பத்தாயிரத்தில் 1.3 பங்கு, சுமார் 20 மெகாபாஸ்கல். என் கருவியின் அடிமட்ட இரைச்சல் அது. ஒரு திருத்தம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தெரிய, அதை வேண்டுமென்றே தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம். சரியாக இரட்டிப்பானால் காரணம் அதுதான். என்னுடையது தெரியாமல் நடந்தது.

ஐந்தாவது அமர்வுக்கு முன் இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது: ஒப்பிடும் கோலத்தை எங்கிருந்து எடுப்பது? அந்தப் புள்ளியில் தகைவு பூச்சியம் என்று நாம்தான் சொல்கிறோம். அங்கே 40 மெகாபாஸ்கல் இருந்தால், படம் முழுவதும் 40 தப்பாக வரும், பார்த்தால் தெரியாது. நான் வரைபடத்தின் இடது மேல் மூலையை வைத்திருந்தேன். குழியின் மூலைகளும் வரைபடத்தின் மூலைகளைப் பார்த்தே இருந்தன, விரிசல் போவதும் அந்தத் திசையில்தான். அதாவது, இருப்பதிலேயே மோசமான மூலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தூரமாகப் போனால் தகைவு இல்லை, ஆனால் தூரம் கூடக் கூட மேலே சொன்ன திருத்தமும் பெரிதாகும், அதன் பிழையும் பெரிதாகும். முதலில் 150 மைக்ரான் கீழே போய்ப் பார்த்தேன், பிழை அதிகம். அப்புறம்தான் தோன்றியது: கீழே ஏன் போக வேண்டும்? பக்கவாட்டில் போனால் திரைக்குள்ள தூரம் மாறாதே! குழியின் நடுவரிசையிலேயே 60 மைக்ரான் இடது பக்கம் தள்ளி ஒப்பீட்டுக் கோலத்தை எடுத்தேன். அங்கே குழியின் பாதிப்பு இரைச்சலுக்குள் அடங்கிவிட்டது, விரிசல் திசையும் இல்லை, திருத்த வேண்டியது வெறும் 2.2 பிக்சல் கிடைமட்ட நகர்வு மட்டும்.

வியாழக்கிழமை மாலை நான்கரைக்கு உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரம் காத்திருப்பு. முதலில் வெறும் பரப்பு, அரை மணி நேரம். தட்டையாக இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் குழிக்குப் போனேன். எட்டு மணிக்கு முடிந்தது. அதன் பிறகு கணக்கு. முழுவதும் ஓட 7 மணி நேரம் ஆகும் என்பதால் ஒவ்வொரு நான்காவது புள்ளியை மட்டும் முதலில் ஓட்டினேன். பதினொன்றரைக்கு வந்தது அந்தப் படம்தான். கிடைமட்டத் தகைவின் படத்தில் இடமும் வலமும் நீலம், மேலும் கீழும் சிவப்பு. செங்குத்துத் தகைவின் படம் அதையே 90 டிகிரி திருப்பி வைத்ததுபோல இருந்தது. குத்திய குழி சுற்றியுள்ள பொருளை வெளிப்பக்கம் நெருக்கி, சுற்றுவாக்கில் இழுத்து வைத்திருக்கும் என்பதால் அப்படித்தான் வர வேண்டும். அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது, எண்ணைப் பார்த்து அல்ல.

எண்கள்: குழியின் விளிம்பிலிருந்து 2 மைக்ரான் தள்ளி, நெருக்கும் தகைவு 450 மெகாபாஸ்கல். 5 மைக்ரானில் 190. 15 மைக்ரானுக்கு அப்பால் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. குழிக்குள்ளே எதுவும் இல்லை. வைர முனையின் கீழே சிலிக்கான் 11, 12 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் உலோக வடிவத்துக்கு மாறி, முனையை எடுக்கும்போது வேறு வடிவமாகவோ படிக ஒழுங்கே இல்லாமலோ திரும்பி வருகிறது. கோலம் மங்கி மறைந்துவிடும். அங்கேயும் நிரல் ஏதோ ஒரு எண் கொடுக்கத்தான் செய்தது, 6 ஜிகாபாஸ்கல் என்றெல்லாம். ஒப்பீட்டின் தரம் 0.3க்குக் கீழே போன புள்ளிகளை எல்லாம் கறுப்பாக்கிவிட்டேன்.

விளிம்பை ஒட்டிய இடங்களில் படிகம் 1 டிகிரிக்கு மேல் திரும்பியிருந்தது. அவ்வளவு திரும்பினால் நேரடி ஒப்பீடு பொய் சொல்லும். முதல் சுற்றில் கிடைத்த சுழற்சியை வைத்துக் கோலத்தைத் திருப்பிப் போட்டு, இரண்டாவது சுற்று ஒப்பிட வேண்டும். பிரிட்டனும் வில்கின்சனும் 2012இல் காட்டிய வழி. அதைச் செய்ததில் விளிம்பு எண்கள் 30 சதவீதம் வரை மாறின, வெளியே மாற்றமே இல்லை.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. கோலத்திலிருந்து கோணங்கள் மட்டுமே தெரியும். படிகம் எல்லாப் பக்கமும் சமமாக வீங்கினால் கோலத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அந்த விடுபட்ட துண்டை நிரப்ப, பரப்புக்குச் செங்குத்தான தகைவு பூச்சியம் என்று வைத்துக்கொள்கிறோம். கோலம் வருவதே மேலே உள்ள சில பத்து நானோமீட்டரிலிருந்து என்பதால் அது நியாயமான ஊகம்தான்.

நண்பர் ஒருவர் அவருடைய ராமன் கருவியில் (சிதறும் லேசர் ஒளியை வைத்துத் தகைவைப் பார்ப்பது) இதே குழியைப் பார்த்துக் கொடுத்தார், 532 நானோமீட்டர் லேசர். எங்கே நெருக்கம், எங்கே இழுவிசை என்பதெல்லாம் ஒத்துப்போயின. அளவு மட்டும் என்னுடையதைவிடக் குறைவு. அந்த லேசர் ஒரு மைக்ரான் அளவுக்கு உள்ளே போய்ச் சராசரி எடுக்கிறது, அதனால் எனக்கு வருத்தமில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் 2008இல் சிலிக்கானில் ஆப்பு வடிவக் குழியை வைத்து இந்த இரண்டு முறையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள், நன்றாகவே ஒத்துப்போயிருக்கிறது.

செலவு: உள்ளாட்களுக்கு மணிக்கு 500 ரூபாய், 19 மணி நேரத்துக்கு 9,500. ஹார்ட் டிஸ்க் 4,500. வெள்ளிப் பசை அண்ணனுடைய டப்பாவிலிருந்து. மொத்தம் 14,000. வெறும் பரப்பை முதல் நாளே எடுத்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும். அடுத்த தடவை இதே வேலை என்றால், முதல் அரை மணி நேரம் அதற்குத்தான். வரைபடத்தையும் 40 மைக்ரானிலிருந்து 30க்குக் குறைப்பேன், வெளி ஓரத்தில் இருந்ததெல்லாம் இரைச்சல்தான்.

எஃகில் இந்த வசதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு படிகத் துகளும் வேறு திசை என்பதால் ஒவ்வொன்றுக்கும் அதற்குள்ளேயே ஒரு ஒப்பீட்டுப் புள்ளி வேண்டும், அது எதுவும் பூச்சியம் என்று சொல்ல முடியாது. ஒரு துகளுக்குள் எங்கே கூட, எங்கே குறைவு என்று மட்டும் தெரியும். பக்கத்துத் துகளோடு ஒப்பிட வழியில்லை. கணினியில் உருவாக்கிய கோலத்தை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டேன். "திரைத் தூரத்துல அரை சதவீதம் தப்பு வெச்சு, சிலிக்கான் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாரு" என்றார் மேடம். போட்டேன். ஆயிரத்தில் பல பங்கு திரிபு ஒன்றுமில்லாத இடத்தில் முளைத்தது. அந்த யோசனையை இப்போதைக்கு மூடிவைத்திருக்கிறேன்.

முதல் எஃகு மாதிரி இப்போது வைப்ரேட்டரி பாலிஷரில் சுற்றிக்கொண்டிருக்கிறது, கொலாய்டல் சிலிக்காவில் (நுண்ணிய சிலிக்காத் துகள் மிதக்கும் நீர்மம்), எட்டு மணி நேரத்துக்கு. காலை ஆறு மணிக்குப் போய் எடுத்து உடனே தண்ணீரில் கழுவ வேண்டும். காயவிட்டால் வெள்ளையாகக் கெட்டிதட்டிப்போகும், மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.